ஆய்வகத்து எலியும் பாட்டில் வரும் எலியும்

கேள்வி இது: "மருந்து ஆராய்ச்சிக்கு ஏன் எலியையே பயன்படுத்துகிறார்கள்? இவ்வளவு உதவும் பிராணி, கதையிலும் கவிதையிலும் ஏன் பேராசைக்கும் அழுக்குக்கும் அடையாளமாகவே வருகிறது?"

முதல் பாதிக்குச் சட்டென்று பதில் சொல்லிவிடலாம். எலி மூன்று வாரத்தில் குட்டி போடும். ஓர் ஈற்றுக்கு 8, 10 குட்டிகள் சாதாரணம். இரண்டு மூன்று மாதத்தில் முழு வளர்ச்சி, ஆயுள் இரண்டு மூன்று வருடம். பிறப்பிலிருந்து முதுமை வரை ஒரே ஆய்வுக்குள் பார்த்துவிட முடியும். சுண்டெலியை விடப் பெரிது என்பதால் ரத்தம் எடுப்பதும் எளிது. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரின் விஸ்டார் நிறுவனத்தில் நூறு வருடங்களுக்கு முன்பு வளர்த்தெடுத்த வெள்ளை எலி வம்சம்தான் இன்று நம் ஊர் பார்மசி கல்லூரிக் கூண்டுகளிலும் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் எலி போதாது. எலியால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் வாந்தியை நிறுத்தும் மருந்தை அதை வைத்துச் சோதிப்பது கடினம். கர்ப்பிணிகள் சாப்பிட்ட தாலிடோமைடு மருந்தால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் குறையோடு பிறந்தார்கள். அதே மருந்து எலிக் குட்டிகளைப் பெரும்பாலும் அப்படிப் பாதிக்கவில்லை, முயல் குட்டிகளைப் பாதித்தது.

இரண்டாவது பாதிதான் என்னைப் பல வருடமாகப் பிடித்து வைத்திருக்கிறது. எம்.பார்ம் படிக்கும்போது 24 விஸ்டார் எலிகள் என் பொறுப்பில் இருந்தன. நான்கு குழு, குழுவுக்கு ஆறு. ஒரு குழுவைத் தவிர மற்றவற்றுக்கு மருந்து போட்டுச் சர்க்கரை நோய் வரவழைத்து, 28 நாள் ஒரு மூலிகைச் சாற்றைக் கொடுத்துப் பார்ப்பது ஆய்வு. சர்க்கரை வந்த எலி ஓயாமல் தண்ணீர் குடிக்கும், ஓயாமல் சிறுநீர் கழிக்கும். கூண்டில் பரப்பிய உமி காலையில் போட்டால் மாலைக்குள் சொதசொதவென்று நனைந்துவிடும். அந்த உமியை அள்ளிக் கொட்டிப் புது உமி போடும்போதெல்லாம் எனக்குத் தாத்தாவின் களத்து மேடு நினைவுக்கு வரும். அங்கே எலி எங்களுக்குத் திருடன்.

அறுவடை முடிந்ததும் வரப்பில் எலி வளை வெட்டுவார்கள். மண்வெட்டி இறங்க இறங்க, உள்ளே கதிர் கதிராக நெல். சில வளைகளில் கூடை நிறைய வரும். சின்னப் பெருச்சாளி வகை செய்யும் வேலை அது. இதைச் சங்கப் புலவர்கள் அப்படியே பார்த்திருக்கிறார்கள். புறநானூறு 190ஆம் பாட்டில் சோழன் நல்லுருத்திரன், "அளை மல்க வைக்கும் எலி" என்கிறான். அளை என்றால் வளை. விளைந்த வயலைப் பார்த்து வைத்திருந்து, கதிரைக் கொண்டுபோய் வளை நிறைய வைக்கிற எலியைப் போலப் பொருளை இறுக்கிப் பிடித்துக்கொள்பவர்களின் நட்பு எனக்கு வேண்டாம், இடப்பக்கம் விழுந்த பன்றியை உண்ணாமல் அடுத்த நாள் யானையை வேட்டையாடும் புலி போன்றவர்களின் நட்பு வேண்டும் என்பது பாட்டு. கண்ணால் கண்டது துல்லியம். தீர்ப்புதான் எனக்கு ஒப்பவில்லை. அறுத்த வயல் வெறும் தாள்தான். அப்போது தின்ன வேண்டியதை முன்பே சேர்த்து வைக்கிறது எலி. என் தாத்தாவும் குதிரில் அதைத்தான் செய்தார்.

அழுக்கு என்ற அடையாளத்துக்குக் கொள்ளை நோய் ஒரு பெரிய காரணம். 1896இல் பம்பாயில் பிளேக் பரவியபோது எலிகள் செத்து விழுவதை எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் எலியிலிருந்து மனிதனுக்கு நோய் எப்படி வருகிறது என்று தெரியவில்லை. 1898இல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஒரு சோதனை செய்தார். பிளேக் வந்த எலியையும் அதன் மேல் இருந்த தெள்ளுப்பூச்சிகளையும் ஒரு ஜாடியில் விட்டார். நல்ல எலி ஒன்றைச் சிறு கூண்டில் போட்டு, நோயுற்ற எலியைத் தொட முடியாதபடி அதே ஜாடிக்குள் வைத்தார். முதல் எலி செத்துக் குளிர்ந்ததும் தெள்ளு அடுத்ததற்குத் தாவியது. சில நாளில் அதுவும் பிளேக்கில் செத்தது. எலியும் அந்த நோயில் சாகிற நோயாளிதான். ஆல்பெர் காம்யுவின் கொள்ளை நோய் நாவலும் செத்த எலியோடுதான் தொடங்குகிறது. மாடிப்படியில் மருத்துவரின் காலில் அது தட்டுப்படும். நகரத்தில் முதலில் சாவது எலிகள், அப்புறம்தான் மனிதர்கள். அந்த வரிசையை அவர் சரியாக எழுதியிருக்கிறார் என்பதால் எனக்கு அந்த நாவல் மேல் தனி மரியாதை.

எப்போதும் இழிவாகவே வருகிறதா என்றால், இல்லை. திருமறைக்காட்டு (வேதாரண்யம்) கோயிலில் விளக்கு நெய் குடிக்க வந்த எலியின் மூக்கு சுட்டது, அது துள்ளியதில் அணையப்போன திரி தூண்டப்பட்டது, அதற்காகச் சிவன் அதற்கு மூவுலகும் ஆளும் மாவலிப் பிறவி கொடுத்தார் என்பது தலபுராணம். அப்பர் தேவாரத்தில் "கறைநிறத்து எலிதன் மூக்குச் சுட்டிட" என்று பாடுகிறார். உலகத்தையே தந்த செய்தியைச் சொல்கிற பாட்டில், எலிக்கு மூக்கு சுட்டதை விடாமல் சொன்னாரே, அது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆய்வகத்திலும் இந்த இரண்டு வகைப் பார்வையும் உண்டு. நான் செய்த வேலையில் எலி மனித உடம்புக்குப் பதிலாள், அவ்வளவுதான். எலியையே கவனித்துச் செய்த ஆய்வுகள் வேறு. கலிபோர்னியாவில் எட்வர்ட் டோல்மன் என்ற உளவியலாளர், உணவே வைக்காத சிக்கலான வழித்தடங்களில் எலிகளைப் பத்து நாள் சும்மா திரிய விட்டார். பதினோராம் நாள் உணவு வைத்ததும், தொடக்கத்திலிருந்தே உணவு வைத்துப் பழக்கிய எலிகளுக்கு ஈடாக அவை ஓடின. வெறுமனே சுற்றிய நாட்களிலும் வழியை மனதில் வாங்கியிருக்கின்றன. 1971இல் ஜான் ஓகீஃப் என்ற மூளை ஆய்வாளர், எலி ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிற்கும்போது மட்டும் துடிக்கும் மூளைச் செல்களைக் கண்டார். 2014 நோபல் பரிசு அதற்குத்தான், மோசர் தம்பதியோடு சேர்த்து.

ஜாக் பாங்க்செப் என்ற இன்னொரு மூளை ஆய்வாளர் எலிகளுக்குக் கிச்சுகிச்சு மூட்டினார். நம் காது ஏறக்குறைய 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், அவை 50 கிலோஹெர்ட்ஸில் கீச்சிட்டன. கிச்சுகிச்சு மூட்டிய கையைத் தேடி ஓடிவந்தன. 2011இல் சிகாகோவில் ஓர் எலியைக் கண்ணாடி போன்ற குழாயில் அடைத்து, கூட இருந்த எலியை வெளியே விட்டார்கள். பெரும்பாலான எலிகள் கதவைத் திறக்கக் கற்றுக்கொண்டு மற்றதை விடுவித்தன. வெற்றுக் குழாயையோ பொம்மை எலி உள்ள குழாயையோ அவை அப்படித் திறக்கவில்லை. பக்கத்திலேயே சாக்லேட் துண்டுகள் உள்ள குழாய் இருந்தபோதும் நண்பனைத் திறந்துவிட்டன, சாக்லேட்டிலும் பங்கு விட்டுவைத்தன. வளை நிறையக் கதிர் வைக்கும் அதே இனத்தாரின் உறவினர்கள்தான் இவர்கள்.

பாங்க்செப்பைப் படித்தது படிப்பு முடிந்த பிறகு. படித்ததும் என் மூன்றாம் குழு நினைவுக்கு வந்தது. முதல் வாரம் கையைக் கண்டால் மூலையில் ஒண்டியவை, மூன்றாம் வாரம் கூண்டு மூடியைத் தூக்கியதும் முன்னங்காலை விளிம்பில் வைத்து எட்டிப் பார்க்கும். ஊசியோடு வருகிற கை என்று தெரிந்தும் வந்தன. வாய் லேசாகத் திறந்து மூடும், சத்தம் எதுவும் எனக்குக் கேட்டதில்லை.

29ஆம் நாள் 24 எலிகளும் இறந்தன. ஆய்வகத்தில் இதற்குக் கொல்வது என்று சொல்வதில்லை, "சாக்ரிஃபைஸ்", அதாவது பலி, என்பார்கள். எத்திக்ஸ் கமிட்டி அனுமதித்த முறையில், மயக்க மருந்து கொடுத்து, கணையத்தை எடுத்து ஃபார்மலினில் போட்டேன். ஆய்வேட்டில் 24 என்ற எண்ணும் சராசரி எடையும் ரத்தச் சர்க்கரை அளவுகளும் இருக்கின்றன. மூன்றாம் குழுவில் எட்டிப் பார்த்ததை அதில் எழுத இடம் இல்லை. இங்கே கேட்டதால் எழுதினேன்.