உப்பை மாற்றினோம், பொட்டாசியம் ஏறிவிட்டதே?

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது. நீரிழிவும் ரத்தக்கொதிப்பும் பல வருடங்களாக உண்டு. மெட்ஃபார்மினும் லோசார்ட்டனும் சாப்பிடுகிறார். இந்த வாரம் பலதுறை மருந்தகத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் சோடியம் 138, பொட்டாசியம் 5.7, சிறுநீரகம் வடிகட்டும் அளவு 41 என்று வந்திருக்கிறது. பொட்டாசியம் அதிகமாக இருப்பதால் இரண்டு நாளில் மறுபடி ரத்தம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ரத்தக்கொதிப்புக்கு நல்லது என்று நாலு மாதமாக வீட்டில் சோடியம் குறைந்த உப்புதான் போடுகிறோம். உடம்புச் சூடு தணிய தினமும் ஓர் இளநீர் குடிக்கிறார். உறவினர் ஒருவர் காரத்தன்மையுள்ள தண்ணீர் தரும் இயந்திரம் வாங்கச் சொல்கிறார், அது ரத்தத்தில் அமிலத்தைக் குறைக்குமாம். சோடியத்தைக் குறைத்தால் பொட்டாசியம் ஏன் ஏற வேண்டும்? பொட்டாசியம் நல்லது என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள்?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பார்க்கலாம். அந்த உப்பையும் இளநீரையும் இன்றே நிறுத்துங்கள். லோசார்ட்டனை நீங்களாக நிறுத்த வேண்டாம், அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் உப்பு மாற்றியதையும் இளநீர் குடிப்பதையும் அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மறுபரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். அதற்குள் அப்பாவுக்குக் கை கால் தளர்ந்து போனாலோ, நெஞ்சு படபடத்தாலோ, இதயத்துடிப்பு மெதுவாகித் தலை சுற்றினாலோ காத்திருக்காமல் 995-ஐ அழையுங்கள். ஒன்றுமே தோன்றாமலும் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். அதனால் 'அப்பா நன்றாகத்தானே இருக்கிறார்' என்று இருந்துவிடக் கூடாது.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

சாதாரண உப்பு என்பது சோடியம் குளோரைடு. சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் அதில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்திருப்பார்கள். பாக்கெட்டின் பின்பக்கம் சின்ன எழுத்தில் அந்தப் பெயர் இருக்கும், எடுத்துப் பாருங்கள். நீங்கள் உப்பைக் குறைக்கவில்லை. ஓர் உப்பின் இடத்தில் இன்னோர் உப்பைப் போட்டிருக்கிறீர்கள்.

சோடியம் என்ற உலோகத்தைத் தண்ணீரில் போட்டால் வெடிக்கும், குளோரின் நச்சு வாயு. இரண்டும் சேர்ந்த உப்பை நாம் சாப்பிடுகிறோம். சோடியம் அணு தன்னிடமுள்ள ஓர் எலெக்ட்ரானைக் குளோரினிடம் விட்டுவிடுகிறது. அப்படி இழந்ததும் அதற்கு ஒரு நேர்மின்னூட்டம் வந்துவிடும், குளோரினுக்கு ஓர் எதிர்மின்னூட்டம். இப்படி மின்னூட்டம் பெற்ற அணுக்களைத்தான் அயனி என்கிறோம். தண்ணீரில் கரைந்ததும் அவை தனித்தனியே பிரிந்து திரியும். பொட்டாசியமும் இதே மாதிரிதான், அதற்கும் ஒரே ஒரு நேர்மின்னூட்டம். பள்ளியில் படித்த தனிம அட்டவணையில் சோடியத்துக்கு நேர் கீழே இருப்பதே பொட்டாசியம். நாக்குக்கும் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால்தான் ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றிப் போட முடிகிறது. ஆனால் உடம்பின் செல்கள் இந்த இரண்டையும் ஒருபோதும் ஒன்றாகப் பார்ப்பதில்லை.

ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல். பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை. செல்லுக்குள் போனால் கணக்கு அப்படியே தலைகீழ்: பொட்டாசியம் 140 அளவில், சோடியம் 10, 15 என்ற அளவில். உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்களுக்குள்ளேதான் இருக்கிறது. உங்கள் அப்பாவின் ரிப்போர்ட்டில் அளந்திருப்பது வெளியே இருக்கும் மிச்சத்தில் ஒரு துளி.

மில்லிமோல் என்பது எடை அல்ல, எண்ணிக்கை. ஒரு மில்லிமோல் சோடியம் 23 மில்லிகிராம், ஒரு மில்லிமோல் பொட்டாசியம் 39 மில்லிகிராம், ஆனால் இரண்டிலும் இருக்கும் அயனிகளின் எண்ணிக்கை ஒன்றே. உடம்புக்கு எத்தனை மின்னூட்டங்கள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்பதே முக்கியம், அதனால் நாங்கள் எண்ணிக்கையில் பேசுகிறோம். வழக்கமாக 4 இருக்க வேண்டிய இடத்தில் 5.7 என்றால், ஒரு லிட்டர் ரத்தநீரில் கூடியிருப்பது சுமார் 66 மில்லிகிராம் பொட்டாசியம். இவ்வளவு சின்ன அளவுக்கா டாக்டர் இரண்டு நாளில் வரச் சொன்னார் என்று நினைப்பீர்கள். ஆமாம், இவ்வளவுக்குத்தான்.

ஏனென்றால் இதயத் தசையின் ஒவ்வொரு செல்லும் இந்த உள்-வெளி வித்தியாசத்தை வைத்துத்தான் துடிக்கிறது. செல்லின் சவ்வில் ஒரு புரதம் இருக்கிறது. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். இப்படி ஒவ்வொரு முறையும் செல்லுக்குச் சக்தி தரும் ஓர் ஏடிபி மூலக்கூறு செலவாகும். டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கவ் இதை 1957-ல் விளக்கினார், 1997-ல்தான் அவருக்கு வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் உடம்பு எரிக்கும் சக்தியில் கணிசமான பங்கு இந்தப் பம்புக்கே போகிறது. இந்த வேலையால் ஓய்விலிருக்கும் இதயச் செல்லின் உட்புறம் வெளியைவிடச் சுமார் 90 மில்லிவோல்ட் எதிர்மின்னில் இருக்கிறது. சார்ஜ் ஏறிய பேட்டரி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே பொட்டாசியம் ஏற ஏற இந்த வித்தியாசம் குறைகிறது. முதலில் செல் எளிதில் தூண்டப்படும். அப்புறம் சோடியம் நுழையும் கதவுகள் சரியாகத் திறக்காமல் போகும். மின்னோட்டம் தசை வழியே மெதுவாகப் பரவும், துடிப்பின் ஒழுங்கு குலையும். ஈசிஜியில் டி அலை கூராக உயர்ந்து தெரிவது இதன் முதல் அடையாளங்களில் ஒன்று. திறந்த இதய அறுவை சிகிச்சையில் இதயத்தை நிறுத்திவைக்க மருத்துவர்கள் செலுத்துவதும் பொட்டாசியம் மிகுந்த கரைசலைத்தான். ஆகவே 'நல்லது' என்று பெயர் வாங்கிவிட்டதாலேயே ஒரு பொருளை அளவு பார்க்காமல் சாப்பிடக் கூடாது என்று நான் வற்புறுத்திச் சொல்வேன்.

உங்கள் வீட்டு உப்புக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அதில் 30 சதவீதம் பொட்டாசியம் குளோரைடு என்று வைத்துக்கொள்வோம் (உங்கள் பாக்கெட்டில் உள்ள அளவைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்). அப்பா ஒரு நாளில் 5 கிராம் உப்பு சாப்பிட்டால் 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு. அதிலிருந்து வருவது சுமார் 20 மில்லிமோல் பொட்டாசியம். செல்களுக்கு வெளியே உடம்பு முழுவதிலுமாக இருக்கும் பொட்டாசியமே ஏறக்குறைய 60 மில்லிமோல்தான். அதில் மூன்றில் ஒரு பங்கு உப்பு ஜாடியிலிருந்து மட்டும் வந்துவிடுகிறது. இளநீரில் 100 மில்லிக்குச் சுமார் 200 முதல் 250 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. தேக்காவில் வெட்டித் தரும் ஓர் இளநீரில் 300 மில்லி இருந்தால் அதிலிருந்து இன்னொரு 15 முதல் 20 மில்லிமோல்.

நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. சாப்பிட்டதும் சுரக்கும் இன்சுலின் அந்தப் பம்பை முடுக்கிவிட்டு, வந்த பொட்டாசியத்தைச் செல்களுக்குள் அனுப்பிவிடும். அடுத்த சில மணி நேரத்தில் சிறுநீரகம் உபரியை வெளியேற்றிவிடும். உடம்பைவிட்டுப் போகும் பொட்டாசியத்தில் 90 சதவீதம் சிறுநீர் வழியாகத்தான் போகிறது.

உங்கள் அப்பாவுக்கு இந்த வழிகள் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் அடைபட்டிருக்கின்றன. நீரிழிவால் இன்சுலின் வேலை சரியாக நடப்பதில்லை. வடிகட்டும் அளவு 41 என்றால் சிறுநீரகம் பாதித் திறனுக்கும் கீழே இயங்குகிறது. பொட்டாசியத்தை வெளியேற்றச் சிறுநீரகத்துக்குக் கட்டளை தருவது ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன். லோசார்ட்டன் ரத்தக்கொதிப்பைக் குறைப்பதோடு அந்தக் கட்டளையையும் தணித்துவிடுகிறது. நீரிழிவால் சிறுநீரகம் பழுதானவர்களில் பலருக்கு அந்த ஹார்மோன் ஏற்கெனவே குறைவாகத்தான் சுரக்கும். இத்தனைக்கும் மேலே உப்பும் இளநீரும் தினமும் சேர்ந்திருக்கின்றன. லோசார்ட்டன் கெட்ட மருந்து என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீரிழிவுக்காரரின் சிறுநீரகத்தை அது காப்பாற்றுகிறது. உணவைச் சரிசெய்து அந்த மருந்தைத் தொடர முடிந்தால் அதுதான் அப்பாவுக்கு நல்லது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். மூட்டுவலிக்கு என்று ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரை ஏதாவது அப்பா தானாக வாங்கிப் போடுகிறாரா? அவையும் சிறுநீரகத்தின் வேலையைக் குறைத்துப் பொட்டாசியத்தை ஏற்றும். லேகியம், மூலிகைப் பொடி எதுவாக இருந்தாலும் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம்.

மறுபடி ஏன் ரத்தம் எடுக்கிறார்கள் என்பதற்கும் இதே வேதியியல்தான் பதில். சிவப்பணுக்களுக்குள்ளும் பொட்டாசியம் நிறைய இருக்கிறது. ரத்தம் எடுக்கும்போது கையை மூடி மூடித் திறந்தாலோ, குழாயில் அணுக்கள் உடைந்தாலோ, மாதிரி ஆய்வகத்துக்குப் போகத் தாமதமானாலோ உள்ளிருப்பது வெளியே கசிந்து எண் பொய்யாக உயரும். அடுத்த முறை அப்பாவைக் கையைத் தளர்வாக வைத்திருக்கச் சொல்லுங்கள். ஆனாலும் அவருக்கு இத்தனை காரணங்கள் இருப்பதால், 5.7-ஐ நான் மெய்யென்றே எடுத்துக்கொண்டு நடப்பேன்.

அப்படியானால் அந்த உப்பே கூடாதா? இல்லை. சீனாவில் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரிடம் நடந்த ஆய்வு 2021-ல் வெளிவந்தது. நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. நம் சுகாதார மேம்பாட்டு வாரியம் அதை ஊக்குவிப்பதற்கு நியாயம் இருக்கிறது. சிங்கப்பூரில் நாம் சாப்பிடும் சோடியம் உண்மையிலேயே அதிகம். ஆனால் அந்த ஆய்வில் கடுமையான சிறுநீரக நோயாளிகளைச் சேர்க்கவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2025-ல் இந்த வகை உப்பைப் பரிந்துரைத்தபோதும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது பொருந்தாது என்று விலக்கியே சொன்னது. விளம்பரத்தில் முதல் பாதி மட்டும் பெரிதாகத் தெரிகிறது. உங்களைப் போன்ற குடும்பங்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான், எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இது.

ஒரே பானையில் சமைக்கும் வீட்டில் இரண்டு உப்பு ஜாடி வைத்தால் குழப்பம்தான் வரும். சாதாரண உப்பையே எல்லாருக்கும் குறைத்துப் போடுங்கள். எலுமிச்சை, மிளகு, சீரகம், பூண்டு கொஞ்சம் தூக்கலாக இருந்தால் நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். உணவங்காடி நிலையத்தில் நூடுல்ஸ் சூப்பை முழுவதும் குடிக்காமல் விட்டாலே நிறைய சோடியம் மிச்சம். சோடியம் குறைந்த சோயா சாஸ், சூப்புக்கான ஸ்டாக் கட்டி வாங்கும்போதும் பொட்டாசியம் குளோரைடு என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

காய்கறியையும் பருப்பையும் விட்டுவிடச் சொல்லவில்லை. பொட்டாசியம் தண்ணீரில் கரையும். உருளைக்கிழங்கைச் சின்னதாக நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளித்தால் கணிசமாகக் குறைந்துவிடும். கீரையையும் அப்படியே செய்யலாம். நம் சமையலில் சிக்கல் என்னவென்றால், காயும் பருப்பும் வெந்த தண்ணீரையே சாம்பாராகவும் ரசமாகவும் ஆக்குகிறோம். அதனால் அப்பாவுக்குக் குழம்பைக் குறைத்து, பொரியலைக் கூட்டுங்கள். வாழைப்பழத்துக்குப் பதில் ஓர் ஆப்பிளோ, சில துண்டு அன்னாசியோ போதும்.

காரத் தண்ணீர் இயந்திரத்துக்கு ஒரு வெள்ளிகூடச் செலவழிக்காதீர்கள். அந்தத் தண்ணீர் இரைப்பையில் இறங்கியதும் அங்கிருக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அதன் காரம் தீர்ந்துவிடும். ரத்தத்தின் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நிற்கிறது. அதில் அமிலத்தன்மையைத் தரும் ஹைட்ரஜன் அயனி லிட்டருக்கு வெறும் 40 நானோமோல் (ஒரு மில்லிமோலில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் நானோமோல்), சோடியம் அதைப்போல 35 லட்சம் மடங்கு. இவ்வளவு நுணுக்கமான அளவை, ரத்தத்தில் அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட்டும், கரியமில வாயுவை வெளியேற்றும் நுரையீரலும், சிறுநீரகமும் சேர்ந்து காக்கின்றன. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அமிலம் தேங்குவது உண்மையிலேயே நடக்கும், அது பொட்டாசியத்தையும் ஏற்றும். அதைக் கண்டுபிடிப்பது ரத்தத்தில் பைகார்பனேட் பார்த்துத்தான். குறைவாக இருந்தால் மருத்துவர் சோடியம் பைகார்பனேட் மாத்திரை தருவார், விலையும் குறைவு. அப்பாவின் ரிப்போர்ட்டில் அந்த எண் இல்லையென்றால் மறுபரிசோதனையில் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். உப்புப் பாக்கெட்டின் பின்பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துக் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.