ஒரே நாளில் மோகர் பாறைகள்

கேள்வி: டப்ளினில் இருக்கும் மகளிடம் ஜூன் மாதம் செல்கிறேன். மோகர் செங்குத்துப் பாறைகளை வழிகாட்டியுடன் ஒரே நாளில் பார்த்துத் திரும்ப இயலுமா?
– வாசகி, மயிலாப்பூர், சென்னை.

பதில்: தாராளமாக இயலும். ஆனால் அயர்லாந்தின் குறுக்கே மேற்குக் கரைவரை பேருந்தில் ஒருவழிக்கே மூன்று மணி நேரத்துக்கு மேலாகும் என்பதால், பாறையருகே இரண்டு மணி நேரமாவது நிற்கவிடும் பயணத்தையே தேர்ந்தெடுங்கள். மெரினாவில் நம் பாதத்தை நனைக்கும் கடலை, அங்கே அதிகபட்சம் 214 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு உயரத்திலிருந்து, குனிந்து பார்க்கிறோம். நீங்கள் ஜூனில் செல்வது நல்வாய்ப்பு. ஆரஞ்சு நிற அலகுடைய பஃபின் பறவைகள் அப்போது புல்சரிவுகளில் வளை தோண்டிக் குஞ்சு வளர்த்துக்கொண்டிருக்கும். அட்லாண்டிக் காற்றில் குடை நிற்காது. மழைக்கோட்டும் வழுக்காத காலணியும் எடுத்துக்கொள்ளுங்கள். மழையில் ஊறிய விளிம்பு சரியக்கூடுமாதலால், தடுப்புக் கற்பலகைகளைத் தாண்டி நின்று புகைப்படம் எடுக்கவே வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.