ஆளில்லாத 113 மணி நேரம்: பெரிய நிறுவனத்தின் மின்நுகர்வைக் குறைக்க எங்கே தொடங்குவது?

கேள்வி: எங்கள் நிறுவனத்துக்கு ஒன்பது அலுவலகக் கட்டடங்கள் இருக்கின்றன. சில சொந்தம், சில வாடகை. ஏறத்தாழ 4,000 பேர் வேலை செய்கிறோம். இரண்டு ஆண்டுகளில் மின்நுகர்வை 20 சதவீதம் குறைக்க வேண்டும் என்று நிர்வாகம் முடிவு செய்து, பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறது. முதல் ஆண்டுக்குப் பெரிய நிதி கிடையாது. சூரிய மின்தகடு, புதிய சில்லர் (ஏசிக்கான குளிர்நீரைத் தயாரிக்கும் பெரிய இயந்திரம்), எல்இடி விளக்கு, கட்டடத்தைக் கண்காணிக்கும் மென்பொருள் என்று விற்பனையாளர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். எதில் முதலில் கை வைப்பது?

பதில்: நீங்கள் சொன்ன நான்குமே பயனுள்ளவைதான். ஆனால் நான்கும் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. வாங்குவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஆளில்லாத நேரத்தில் உங்கள் கட்டடங்கள் எவ்வளவு மின்சாரம் எடுக்கின்றன என்று பாருங்கள். இந்தக் கேள்வியோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை, ஏனென்றால் மாத பில்லில் அது தெரியாது.

வாரத்துக்கு 168 மணி நேரம். ஐந்து நாள், நாளுக்கு 11 மணி நேரம் அலுவலகம் நடக்கிறது என்றால் 55 மணி. மீதி 113 மணி நேரம் கட்டடம் காலியாகக் கிடக்கிறது. பகலில் 400 கிலோவாட் எடுக்கும் ஒரு கட்டடம் இரவிலும் விடுமுறையிலும் 160 கிலோவாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். பகல் கணக்கு வாரத்துக்கு 22,000 யூனிட். ஆளில்லாத நேரத்துக் கணக்கு 18,080 யூனிட். கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி! அந்த 160-ஐ 90-க்குக் கொண்டுவந்தால் வாரத்துக்கு 7,910 யூனிட் மிச்சம். மொத்தத்தில் அது 20 சதவீதத்துக்கு ஒரு மயிரிழைதான் குறைவு. ஒருவருடைய நாற்காலியையும் நகர்த்தாமல் உங்கள் இலக்கு ஏறக்குறைய கைக்கு வந்துவிடுகிறது. எல்லாக் கட்டடத்திலும் இவ்வளவு கிடைக்காது. ஆனால் எதுவுமே கிடைக்காத கட்டடத்தை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன்.

பெரிய மின் இணைப்புகளில் உள்ள மீட்டர்கள் பெரும்பாலும் 15 அல்லது 30 நிமிடத்துக்கு ஒரு முறை நுகர்வைப் பதிந்துவைக்கின்றன. மின்சாரம் வழங்குகிறவர்களிடம் அந்தப் பதிவைக் கேளுங்கள். நான்கு வாரப் பதிவு போதும். ஒன்பது கட்டடங்களுக்கும் தனித்தனியாகக் கோடு வரைந்து, ஒன்றின் கீழ் ஒன்றாகச் சுவரில் ஒட்டுங்கள். இரவில் கோடு எவ்வளவு இறங்குகிறது, காலையில் எத்தனை மணிக்கு ஏறுகிறது, ஞாயிற்றுக்கிழமை சனிக்கிழமையைப் போல இருக்கிறதா திங்கள்கிழமையைப் போல இருக்கிறதா என்று பாருங்கள். எட்டரை மணிக்கு ஆள் வரும் கட்டடத்தில் நாலரை மணிக்கே கோடு ஏறினால், அங்கே ஒரு டைமர் தவறாக ஓடுகிறது. சுவரில் அந்த ஒன்பது கோடுகளைப் பார்த்தவுடனேயே எந்தக் கட்டடத்துக்கு முதலில் போக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அந்தக் கட்டடத்துக்கு இரவில் போங்கள். இதை வலியுறுத்திச் சொல்கிறேன். பகலில் எல்லாம் ஓடுவதால் எது தேவை, எது தேவையில்லை என்று பிரித்தறிய முடியாது. இரவு பதினொரு மணிக்குமேல், சாவிக்கொத்து வைத்திருக்கும் பாதுகாவலரையும் ஓர் எலக்ட்ரீஷியனையும் கூட்டிக்கொண்டு மாடி மாடியாக நடங்கள். பாதுகாவலருக்குத் தெரிந்தது எந்த வரைபடத்திலும் இருக்காது. எந்த அறையில் விளக்கு அணைவதே இல்லை, எந்த மாடியில் விடிய விடியக் குளிர்கிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

அப்படி ஒரு இரவில், ஒரு நிறுவனத்தின் நான்காம் மாடியில் காற்றின் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஏஎச்யூ எனப்படும், காற்றைக் குளிர்வித்து அனுப்பும் இயந்திரம் இருக்கும் அறையைத் திறந்தோம். அந்த மாடி முழுவதற்கும் குளிர்காற்று தள்ளும் பெரிய விசிறி முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தது. பக்கத்துப் பேனலில் மூன்று நிலைகள் கொண்ட ஒரு குமிழ்: ஆட்டோ, ஆஃப், மேனுவல். குமிழ் மேனுவலில் நின்றது. அதன்மேல் தூசி படிந்திருந்தது. பக்கத்தில் ஒட்டியிருந்த காகிதத்தில் "சனிக்கிழமை பயிற்சி வகுப்பு, மாற்ற வேண்டாம்" என்று எழுதியிருந்தது. எந்தச் சனிக்கிழமை? எட்டு மாதத்துக்கு முன் நடந்த வகுப்பு அது. அன்றிலிருந்து அந்த விசிறி ஒரு நிமிடமும் நிற்கவில்லை. கட்டுப்பாட்டு அறைக் கணினித் திரையில் அது அணைந்திருப்பதாகவே காட்டியது, ஏனென்றால் குமிழ் மேனுவலில் இருந்தால் கணினியின் கட்டளை அதற்குப் போய்ச் சேராது. அங்கே தெரிந்தது கட்டளை மட்டும்தான், விசிறியின் உண்மை நிலை அல்ல. உங்கள் ஒன்பது கட்டடங்களிலும் உள்ள எல்லா ஏஎச்யூ, பம்ப், எக்ஸாஸ்ட் விசிறிகளின் குமிழ்களையும் ஒரு வாரத்துக்குள் நேரில் பார்த்துவிடச் சொல்லுங்கள். எந்த மென்பொருளுக்கும் முன்னால் இதைச் செய்ய வேண்டும்.

பிறகு பகலில் ஒரு சுற்று. இப்போது பார்க்க வேண்டியது மனிதர்களை. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, துப்பட்டாவைத் தோளில் போர்த்திக்கொண்டு வேலை செய்கிறவர்கள் உட்காரும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே தேவைக்கு மேல் குளிர்விக்கிறீர்கள் என்று அர்த்தம். உடனே, வெப்பநிலையை அளந்து ஏசியைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் எங்கே மாட்டியிருக்கிறது என்று தேடுங்கள். ஒரு கூடத்தில் அது ஜெராக்ஸ் இயந்திரத்துக்கு நேர் மேலே இருந்தது. இயந்திரத்தின் சூட்டில் சென்சார் 27 டிகிரி காட்டியது. இருக்கைகளில் வைத்துப் பார்த்தால் 21. இயந்திரத்தை மூன்று மீட்டர் தள்ளி வைத்ததும் அந்தக் கூடத்தின் புகார் நின்றது, குளிரூட்டலுக்கான மின்சாரமும் இறங்கியது.

வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் குளிரூட்டும் செலவு தோராயமாக 3 முதல் 6 சதவீதம் குறையும். ஆனால் சுற்றறிக்கை அனுப்பிவிட்டு ஒரே நாளில் மூன்று டிகிரி உயர்த்தாதீர்கள். புகார் குவிந்து, ஒரு வாரத்தில் எல்லாம் பழைய நிலைக்கே திரும்பும். இரண்டு வாரத்துக்கு அரை டிகிரியாக நகருங்கள். உடை விதியையும் தளர்த்துங்கள். ஜப்பானில் 2005-இல் 'கூல் பிஸ்' என்ற பெயரில் சுற்றுச்சூழல் அமைச்சகம் அலுவலகங்களைக் கோடையில் 28 டிகிரியில் வைக்கச் சொன்னபோது, கோட்டும் டையும் வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொன்னது. நீங்கள் 28-க்குப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கோட்டு கட்டாயம் என்று வைத்துக்கொண்டு குளிரைக் குறைக்கச் சொல்வது நியாயமில்லை. குளிர்நாட்டில் உள்ள கட்டடம் என்றால் இதே கதை தலைகீழாக நடக்கும். அங்கே ஜன்னலோரத்தில் ஹீட்டரும் கூடத்தின் நடுவில் ஏசியும் ஒரே நேரத்தில் ஓடுகின்றனவா என்று பாருங்கள்.

விசிறிகளுக்கும் பம்புகளுக்கும் ஒரு தனிக் குணம் உண்டு. அவை எடுக்கும் மின்சாரம் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பின்பற்றுகிறது. வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால், கணக்குப்படி மின்சாரம் 51 சதவீதத்துக்கு இறங்கிவிடும். மோட்டாரின் வேகத்தை மாற்றும் விஎஃப்டி கருவிக்கு இவ்வளவு மதிப்பு அதனால்தான். பல கட்டடங்களில் இந்தக் கருவியை ஏற்கெனவே வாங்கிப் பொருத்தியிருப்பார்கள். ஆனால் அது 50 ஹெர்ட்ஸிலேயே, அதாவது முழு வேகத்திலேயே, நின்றுகொண்டிருக்கும். புதிதாக வாங்கும் முன், இருப்பதன் திரையில் என்ன எண் தெரிகிறது என்று பாருங்கள். பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளில் முழு மாடிக்கும் முழுக் காற்று தேவையில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வெளிக்காற்றைக் குறைத்துவிடக் கூடாது. அறையில் கார்பன் டை ஆக்சைடு அளக்கும் சென்சாரை வைத்து, அது 800 முதல் 1,000 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு என்ற கணக்கு) அளவைத் தாண்டாதபடி காற்றைக் கூட்டிக் குறையுங்கள். அதைவிட நல்ல வழி, ஆள் குறைவான நாட்களில் எல்லோரையும் இரண்டு மாடிகளில் உட்கார வைத்து, மற்ற மாடிகளை மூடிவிடுவது.

சர்வர் அறையையும் விட்டுவிடாதீர்கள். உள்ளே நுழைந்தவுடன் பல் கிட்டித்துப்போகிறது என்றால் பணம் வீணாகிறது. சர்வருக்குள் நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருந்தால் போதும் என்பதே அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் பரிந்துரை. இங்கே கவனிக்க வேண்டியது அறையின் வெப்பநிலையை அல்ல, சர்வரின் முகப்பில் நுழையும் காற்றின் வெப்பநிலையை. சர்வர்களை அடுக்கியிருக்கும் ரேக்கில் காலியாக இருக்கும் இடங்களைத் தகடு வைத்து மூடுங்கள். இல்லாவிட்டால் பின்பக்கச் சூடான காற்று அந்த ஓட்டை வழியாக முன்பக்கம் திரும்பிவரும். ஏசி எவ்வளவு குளிர்வித்தாலும் போதாமலே இருக்கும். கணினிப் பிரிவினர் இதற்குத் தயங்குவார்கள். அவர்களையே அளக்கச் சொல்லி, அவர்கள் கையாலேயே டிகிரி டிகிரியாக உயர்த்த விடுங்கள்.

எல்இடி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய டியூப் விளக்கு இன்னும் எங்கேனும் இருந்தால் மாற்றிவிடுங்கள். விளக்கின் சூடு குறைவதால் ஏசியின் சுமையும் சற்றுக் குறையும். கழிப்பறை, படிக்கட்டு, ஆவண அறை ஆகியவற்றுக்கு ஆள் நடமாட்ட சென்சார் போதும்.

இப்போது சில்லருக்கு வருகிறேன். புதிய சில்லரைக் கடைசியில் வாங்குங்கள். நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் 1931-இல் திறக்கப்பட்டது, 102 மாடி. 2009-இல் அதன் மின்நுகர்வு உள்ளிட்ட எரிசக்திச் செலவை 38 சதவீதம் குறைக்கும் திட்டத்தை அறிவித்தார்கள். முதலில் சுமையைக் குறைத்தார்கள். ஏறத்தாழ 6,500 ஜன்னல்களைக் கழற்றி, கட்டடத்துக்குள்ளேயே ஒரு பட்டறை அமைத்து, பழைய கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு மெல்லிய படலத்தைப் பொருத்தி மீண்டும் மாட்டினார்கள். அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களின் பின்னால் வெப்பத் தடுப்பு வைத்தார்கள். விளக்குகளைத் திருத்தினார்கள். இவ்வளவும் சேர்ந்து குளிரூட்டும் தேவையைக் குறைத்ததால், சில்லர்களைப் புதிதாக வாங்காமல் இருந்தவற்றையே சீரமைத்துப் பயன்படுத்த முடிந்தது. வரிசையை மாற்றி முதலில் சில்லரை வாங்கியிருந்தால், தேவைக்கு மேல் பெரிய இயந்திரத்தை வாங்கி, அதைப் பாதிச் சுமையில் ஓட்டிக்கொண்டிருந்திருப்பார்கள். சூரிய மின்தகடுக்கும் இதே வரிசைதான். வீணாகும் மின்சாரத்துக்கும் சேர்த்துத் தகடு வாங்க வேண்டாம். இதற்கிடையில், இருக்கும் சில்லரின் குளிர்நீர் வெப்பநிலையைப் பாருங்கள். ஆண்டு முழுவதும் 7 டிகிரியிலேயே வைத்திருந்தால், வெயில் குறைந்த மாதங்களில் 8, 9 என உயர்த்தலாம். ஒவ்வொரு டிகிரிக்கும் சில்லர் எடுக்கும் மின்சாரம் 2 முதல் 3 சதவீதம் குறையும். ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் மட்டும் கவனம் வேண்டும். நீர் போதிய குளிர்ச்சியாக இல்லாவிட்டால் காற்றின் ஈரம் வடியாது, சுவரில் பூஞ்சை பிடிக்கும். அதே காரணத்தால், அந்த ஊர்களில் வார இறுதி முழுவதும் ஏசியை அடியோடு நிறுத்திவிடவும் வேண்டாம்.

வாடகைக் கட்டடங்களில் ஒரு சிக்கல் வரும். சில்லர் கட்டட உரிமையாளருடையது, பில் பரப்பளவுக்கு ஏற்பப் பங்கிடப்படுகிறது என்றால், நீங்கள் மிச்சப்படுத்துவது எல்லோருக்கும் பிரிந்துபோகும். குத்தகை புதுப்பிக்கும் பேச்சு தொடங்கும்போதே தனி மீட்டர் கேளுங்கள். குத்தகை முடிவதற்கு ஓர் ஆண்டே இருக்கும் கட்டடத்தில், குமிழையும் டைமரையும் சரிசெய்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. பராமரிப்புப் பிரிவில் இருப்பவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஒரு கூட்ட அறை சற்றுப் புழுங்கினால் பத்து நிமிடத்தில் அவருக்கு மேலிடத்திலிருந்து தொலைபேசி வரும். இரவெல்லாம் ஒரு விசிறி வீணாக ஓடினால் அவரை யாரும் கேட்க மாட்டார்கள். அப்படியிருக்க, குமிழை மேனுவலில் வைத்துவிட்டுப் போவதுதான் அவருக்குப் பாதுகாப்பு. அது அவருடைய சோம்பல் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். எந்த வெப்பநிலை வரம்புக்குள் வரும் புகார்களுக்கு அவர் பொறுப்பில்லை என்று நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கிக் கொடுங்கள். ஆளில்லாத நேரத்து கிலோவாட் எண்ணை வாரம் ஒருமுறை அவர் கைக்கு அனுப்புங்கள். அது குறைந்த வாரத்தில், நிர்வாகக் கூட்டத்தில் அவர் பெயரைச் சொல்லுங்கள்.

நிர்வாகத்துக்குக் கணக்குக் காட்ட மாத பில்களை ஒப்பிட வேண்டாம். ஒரு வெயில் மாதம் உங்கள் உழைப்பை மறைத்துவிடும். ஒரு மழை மாதம் நீங்கள் செய்யாததைச் செய்ததாகக் காட்டும். ஒரு தாளில், கிடைக்கோட்டில் அந்த வாரத்தின் சராசரி வெளி வெப்பநிலை, நெடுக்கோட்டில் அந்த வார யூனிட் என்று வாரத்துக்கு ஒரு புள்ளி வையுங்கள். வேலை தொடங்குவதற்கு முந்தைய ஓராண்டுப் புள்ளிகளைக் கறுப்பிலும், தொடங்கிய பிறகு வருவனவற்றைச் சிவப்பிலும் வையுங்கள். அதே வெப்பநிலைக்கு நேராகச் சிவப்புப் புள்ளி கறுப்புக்கு எவ்வளவு கீழே விழுகிறதோ, அதுதான் நீங்கள் மிச்சப்படுத்தியது. அடுத்த ஆண்டுக்கு நிதி கேட்கப் போகும்போது அந்த ஒரு தாளை எடுத்துப் போங்கள்.