பீட்டில் என்ஜின்: பிரிக்கும் முன் கிட் வாங்கலாமா?

கேள்வி: என்னிடம் 1971ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வேகன் பீட்டில் இருக்கிறது. 1600 சிசி என்ஜின். ஆயில் கசிகிறது, இழுவையும் குறைந்துவிட்டது. நானே பிரித்து ஓவர்ஹால் செய்ய ஆசை. எனக்கு இது முதல் முறை. 88 மி.மீ. பிஸ்டன், சிலிண்டர், பியரிங், கேஸ்கெட் எல்லாம் சேர்ந்த கிட் ஒன்று தள்ளுபடியில் வருகிறது. வாங்கி வைக்கட்டுமா?
– கொழும்பு வாசகர்

பதில்: வேண்டாம். கேஸ்கெட் செட்டைத் தவிர வேறு எதையும் இப்போது வாங்காதீர்கள்.

காரணம் பியரிங். கிராங்கை, அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டை, கிரைண்ட் செய்து மெலிதாக்கினால் அதைத் தாங்கும் பியரிங்கின் உள் அளவு மாறும். கேஸில், அதாவது என்ஜினின் உலோகக் கூட்டில், பியரிங் உட்காரும் இடம் தேய்ந்து லைன் போரிங் செய்தால் (அந்தத் துளைகளை ஒரே நேர்கோட்டில் கடைந்து பெரிதாக்கினால்) வெளி அளவும் மாறும். இந்த இரண்டு அளவும் லேத் கடையில் அளந்த பிறகுதான் தெரியும். கிட்டில் வரும் ஸ்டாண்டர்ட் பியரிங் உங்கள் என்ஜினுக்குப் பொருந்தும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கேஸ் மெக்னீசியம் கலவை. சூட்டில் அடிபட்டு அடிபட்டு இளகும். என்ஜினை நிறுத்திவிட்டு, கீழே இருக்கும் பெரிய புல்லியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். கிராங்கின் இந்த ஆட்டம் 0.07 முதல் 0.13 மி.மீ. வரை இருக்கலாம். ‘டக் டக்’ என்று கைக்கே தெரிந்தால் அளவு தாண்டிவிட்டது. நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜ் வைத்து உறுதி செய்யுங்கள். ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையம்) மாற்றினால் தீரும் ஆட்டமும் உண்டு, கேஸையே கேள்விக்குள்ளாக்கும் ஆட்டமும் உண்டு. அதனால் முதல் செலவு கேஸை அளப்பதற்கு. அது தேறாவிட்டால் புதுக் கேஸ்தான், பட்ஜெட்டே மாறிவிடும்.

அடுத்தது ஹெட், அதாவது சிலிண்டரை மூடும் பாகம். வால்வ் சீட்டுக்கும் (வால்வ் உட்காரும் வளையம்) ஸ்பார்க் பிளக் துளைக்கும் நடுவே விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எக்ஸாஸ்ட் வால்வுகளைப் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் திரும்பப் போடாதீர்கள். ஓடும்போது வால்வின் தலை முறிந்து விழுந்தால் பிஸ்டன், ஹெட் எல்லாம் போய்விடும்.

88 மி.மீ. செட் பற்றி: இந்த என்ஜினுக்கு உரியது 85.5 மி.மீ., அதாவது 1584 சிசி. கேஸைக் கடையாமல் அதே துளையில் நுழைவதற்காக 88-இன் சிலிண்டர் சுவரை மெல்லியதாக்கியிருக்கிறார்கள். காற்றை மட்டும் நம்பிக் குளிரும் என்ஜினில் மெல்லிய சுவர் சூட்டில் கோணும். கிடைப்பது 1679 சிசி, வித்தியாசம் 95. இதற்காக அந்த ஆபத்து தேவையே இல்லை. 85.5-லேயே நல்ல செட்டாக வாங்குங்கள்.

பழைய ஆயில் கூலரையும் மாற்றிவிடுங்கள். உள்ளே தங்கிய உலோகத் துகள் கழுவினாலும் முழுதாக வராது, புது பியரிங்கைத் தின்றுவிடும். ஃபேன் கூட்டுக்குள்ளேயே கூலர் இருக்கும் பழைய அமைப்பு என்றால் மூன்றாம் சிலிண்டருக்குப் போகும் காற்று மட்டுப்படும். 1971 மாடலில் கூலரை வெளியே தள்ளித் தனிப்பெட்டிக்குள் வைத்தார்கள். உங்களுடையது எது என்று பாருங்கள். என்ஜின் மாற்றிய வண்டிகள் நிறைய, காரின் ஆண்டை நம்ப முடியாது. ஜெனரேட்டர் ஸ்டாண்டுக்குக் கீழே கேஸில் அடித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

அப்புறம், என்ஜினைச் சுற்றியுள்ள தகடுகள், தெர்மோஸ்டாட், ரப்பர் சீல். ‘இதெல்லாம் சும்மா’ என்று மெக்கானிக் கழற்றி எறிய விடாதீர்கள். காற்றுக்கு வழிகாட்டுவதே அவைதான். ஒரு திருகு கூடத் தொலையாமல் பைகளில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். ஃபிளைவீல் (கிராங்கின் முனையில் இருக்கும் கனமான சக்கரம்) நட்டை சுமார் 300 நியூட்டன் மீட்டர் இறுக்க வேண்டும். அந்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரென்ச்சை வாங்குவதைவிட இரண்டு நாளுக்கு வாடகைக்கு எடுப்பது மேல்.