15 வருஷ ஏசி, ஜூலை மாசம், 15,200 டாலர் கொட்டேஷன்: கையெழுத்து போடலாமா?

கேள்வி: வணக்கம் சார். நாங்க அரிசோனால சாண்ட்லர்ல இருக்கோம். 2011ல கட்டின வீடு, ஏசியும் அப்ப போட்டது தான், 4 டன் ஹீட் பம்ப் (குளிர்காலத்துல ஹீட்டராவும் ஓடற ஏசி). போன ஜூன்ல கேஸ் கம்மின்னு 2 பவுண்டு ஏத்தினாங்க, இந்த ஜூலைல மறுபடியும் அதே கதை. வந்த டெக்னீஷியன் உள்ள இருக்கற காயில் லீக்குன்னு சொல்லி மூணு ரேட் குடுத்தார். கேஸ் மட்டும் ஏத்த 650, காயில் மாத்த 2,800, முழுசா புதுசு 15,200. புதுசுன்னா 0 பர்சென்ட் லோன், ஆனா இன்னிக்கே கையெழுத்து போடணுமாம். எமர்ஜென்சி ஃபண்டுல 11,000 இருக்கு. அம்மா அப்பா ஊர்லருந்து வந்து செப்டம்பர் வரைக்கும் இங்க தான் இருக்காங்க, வெளில 114 டிகிரி ஃபாரன்ஹீட். கரண்ட் பில் மிச்சத்துலயே போட்ட காசு வந்துடும்னு அவர் சொல்றது நிஜமா? குளிர்காலத்துல எங்க பில் 120, ஜூலைல 410.

பதில்: வணக்கம். இன்னிக்கு கையெழுத்து போடாதீங்க. 650 குடுத்து கேஸ் ஏத்திட்டு இந்த சம்மர ஓட்டுங்க, புது மெஷின அக்டோபர் கடைசில வாங்குங்க. ஃபீனிக்ஸ் பக்கம் ஏசி வாங்க ஜூலை மாதிரி மோசமான மாசம் கிடையாது, எல்லா கம்பெனியும் ஓடிக்கிட்டே இருப்பான், உங்களுக்கோ வீட்டுக்குள்ள வேர்த்து ஊத்துது, இதுல எங்க போய் பேரம் பேசறது.

முதல்ல அந்த கரண்ட் பில் கதைக்கு வரேன், ஏன்னா இத சொல்லித்தான் பாதி பேர விழ வெக்கறாங்க. நீங்க சொன்ன பில்ல வெச்சு பாத்தா மே முதல் அக்டோபர் வரைக்கும் குளிர்காலத்த விட கூடுதலா கட்டறது மொத்தமா ஒரு 1,200 டாலர் வரும். கூலிங் செலவு அவ்ளோதான். உங்க பழசு 13 சியர் ரேட்டிங்கா இருக்கும் (சியர்னா கரண்ட் சிக்கனத்துக்கான அளவு, நம்பர் ஏற ஏற செலவு கம்மி), அப்ப மினிமம் அதுதான். புதுசு கொஞ்சம் நல்லதா, 15.2 சியர்2 (புது அளவுகோல், பழைய சியர் கணக்குல 16 கிட்ட) போட்டா கணக்குப்படி 20 சதவீதம் கிட்ட மிச்சமாகும், பழசு தேஞ்சு போயிருக்கும்னு தாராளமா 30 சதவீதம்னே வெச்சுக்கலாம், அப்பவும் வருஷத்துக்கு 360 டாலர் தான். 15,200 திரும்ப வர 42 வருஷம் ஆகும், அதுக்குள்ள இன்னும் ரெண்டு மெஷின் மாத்திருப்பீங்க. புது ஏசி தேவைன்னா வாங்கித்தான் ஆகணும், ஆனா மிச்சத்துக்காக வாங்கறோம்னு மட்டும் நினைக்காதீங்க.

அடுத்து அந்த 2,800 காயில். மூணுலயும் எனக்கு பிடிக்காதது இதுதான். உங்க மெஷின்ல இருக்கறது ஆர்-410ஏ கேஸ். 2025 ஜனவரியிலருந்து அந்த கேஸ்ல புது வீட்டு ஏசி தயாரிக்க அமெரிக்காவுல விடறதில்ல, இப்ப வர்றதெல்லாம் ஆர்-454பி இல்லன்னா ஆர்-32. அதனால நாளைக்கு வெளில இருக்கற யூனிட் படுத்துட்டா புது கேஸ்ல வர்ற வெளி யூனிட்டோட இந்த காயில சேத்து வெச்சுக்க முடியாது, உள்ள வெளில ரெண்டும் ஜோடியா மாத்தணும், 2,800 அப்படியே போச்சு. வருஷக் கணக்கா பாருங்க: புது மெஷின் 15 வருஷம் வந்தா வருஷத்துக்கு 1,000 சொச்சம் விழுது. காயில் மாத்தி அது 3 வருஷம் தாங்கினா 930, ஏறக்குறைய அதே செலவு. 15 வருஷமா இந்த பாலைவன வெயில்ல தினமும் ஓடின கம்ப்ரஸர் இன்னும் 3 வருஷம் வரும்னு நான் பந்தயம் கட்ட மாட்டேன். கேஸுக்கு 650ன்னா ஒரு சம்மர் தாண்டுது, 2 பவுண்டு இறங்க ஒரு வருஷம் ஆயிருக்குன்னா லீக் மெதுவாத்தான் இருக்கு. லீக்க வெச்சுக்கிட்டே வருஷா வருஷம் ஏத்தறது சூழலுக்கும் நல்லதில்ல பர்ஸுக்கும் நல்லதில்ல, அதான் ஒரே ஒரு சம்மருக்குன்னு சொல்றேன். எத்தன பவுண்டு ஏத்தினாங்கன்னு பில்லுல எழுதி வாங்குங்க.

0 பர்சென்ட் லோனு... ஃபைனான்ஸ் கம்பெனிக்கு கான்ட்ராக்டர் ஒரு கமிஷன் கட்டறார், அது பெரும்பாலும் விலைக்குள்ளயே ஒளிஞ்சிருக்கும். "முழு பணம் கேஷா குடுத்தா என்ன ரேட்?"னு ஒரு கேள்வி கேளுங்க, தெரிஞ்சுடும். அப்புறம் சில லோன்ல குறிப்பிட்ட மாசத்துக்குள்ள முழுசா அடைக்கலன்னா முதல் நாள்லருந்து வட்டி போட்டுடுவான், அந்த பத்திய படிங்க. ஹீட் பம்புக்கு 2,000 வரைக்கும் கிடைச்ச ஃபெடரல் டாக்ஸ் கிரெடிட்டும் 2025 டிசம்பரோட முடிஞ்சுது, அத கழிச்சு விலை காட்டினா ஏமாறாதீங்க.

இப்ப அம்மா அப்பா விஷயம், இதுல காசு பாக்கக்கூடாது. 2023ல ஃபீனிக்ஸ்ல 31 நாள் தொடர்ந்து 110 டிகிரியோ அதுக்கு மேலயோ போச்சு, அந்த வருஷம் ஃபீனிக்ஸும் சாண்ட்லரும் இருக்கற மாரிகோபா கவுண்டில வெயிலால 645 சாவு, வீட்டுக்குள்ளயே இறந்தவங்க நிறைய பேர் வீட்டுல ஏசி இருந்தது ஆனா ஓடல. அதனால இந்த வாரமே 400, 500 டாலர்ல ஒரு போர்ட்டபிள் ஏசி வாங்கி அவங்க ரூம்ல வெச்சுடுங்க (ஜன்னல் ஏசின்னா எச்ஓஏ, அதான் வீட்டுக்காரங்க சங்கம், லெட்டர் போடுவான், உங்களுக்கே தெரியும்). பெருசு நின்னு போச்சுன்னாலும் ஒரு ரூம் ஜில்லுன்னு இருக்கும், நீங்க பதறி எவன் கேட்ட ரேட்டும் குடுக்க வேண்டியதில்ல. அதுவும் முடியலன்னா ரெண்டு நாள் ஹோட்டல், தயங்காதீங்க.

அதுவரைக்கும் பழச கொஞ்சம் பாத்துக்குங்க. புழுதிப் புயல் அடிச்ச மறுநாள் ஃபில்டர பாருங்க, வெளி யூனிட்ட பிரேக்கர் ஆஃப் பண்ணிட்டு தோட்டத்து ஹோஸால மெதுவா கழுவுங்க, பிரஷர் வாஷர் வேணாம், ஃபின் எல்லாம் மடங்கிடும். சமையல் தெர்மாமீட்டர் இருந்தா ரிட்டர்ன் கிரில்லுலயும் (காத்த உள்ள இழுக்கற இடம்) பக்கத்துல ஜில் காத்து வர்ற வென்ட்லயும் வெச்சு பாருங்க, 16லருந்து 20 டிகிரி வித்தியாசம் இருந்தா மெஷின் வேலை செய்யுதுன்னு அர்த்தம், கேஸ் ஏத்தின அன்னிக்கு ஒரு தடவ குறிச்சு வெச்சுட்டு வாரா வாரம் பாருங்க, குறைஞ்சுகிட்டே வந்தா லீக் பெருசாகுது. திடீர்னு வெளி ஃபேன் சுத்தாம 'உம்ம்'னு சத்தம் மட்டும் வந்தா உடனே ஆஃப் பண்ணிடுங்க, பெரும்பாலும் கெப்பாசிட்டர் தான், வெயில்ல மேல்மூடி உப்பிப் போய் நிக்கும். நீங்களா கை வெக்காதீங்க, ஷாக் அடிக்கும். பார்ட் விலை ரொம்ப சின்னது, ஆள் வர்றதுக்குத்தான் காசு, அதுக்கு போய் புது சிஸ்டம் விக்க ஆரம்பிச்சா வாசல காட்டுங்க.

எமர்ஜென்சி ஃபண்டு 11,000த்த முழுசா இதுல கொட்ட வேணாம். இப்பலருந்து அக்டோபர் வரைக்கும் மாசம் 1,000 தனியா ஒதுக்குங்க, 4,000 ஆச்சு. ஃபண்டுலருந்து ஒரு 5,000 எடுங்க, மிச்சத்துக்கு மட்டும் கிரெடிட் யூனியன்ல சின்ன லோன் கேட்டு பாருங்க. 401கே (ரிட்டயர்மென்ட் சேமிப்பு) பக்கம் போகவே போகாதீங்க.

அக்டோபர்ல மூணு பேர கூப்பிட்டு கொட்டேஷன் வாங்குங்க. வர்றவங்க மேனுவல் ஜே கணக்கு (வீட்டுக்கு எத்தன டன் வேணும்னு அளந்து போடறது) போடறாங்களா பாருங்க, வீட்ட அளக்காம "பழசு 4 டன், புதுசும் 4 டன்"னு சொல்றவர அனுப்பிடுங்க. அட்டிக்ல ஏறி டக்ட்ட பாக்க சொல்லுங்க, புது மெஷின ஓட்டை டக்ட்ல மாட்டி பிரயோஜனம் இல்ல. லைசென்ஸ் நம்பர அரிசோனா ரெஜிஸ்ட்ரார் ஆஃப் கான்ட்ராக்டர்ஸ் சைட்ல போட்டு பாத்துட்டு, வாரன்ட்டி யார் ரெஜிஸ்டர் பண்ணுவாங்கன்னு எழுதி வாங்குங்க, நிறைய பிராண்டுல நாள் தவறினா 10 வருஷம் 5 ஆயிடும். பார்ட்ஸ் வாரன்ட்டில கூலி சேராது, அத தனியா கேட்டுக்குங்க.