பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் என்றால் கையெழுத்துப் போடுவது மட்டும்தான் வேலையா?

அரசு நடுநிலைப் பள்ளியில் குழு உறுப்பினராகத் தேர்வாகியிருக்கிறீர்கள், தீர்மான நோட்டு வந்தால் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு அதிகாரம் உண்டா என்று கேட்கிறீர்கள். நிறையவே உண்டு. பேரணாம்பட்டு பக்கம் ஒரு பள்ளியில் நானும் பெற்றோர் உறுப்பினர்தான், அதனால் பார்த்ததைச் சொல்கிறேன்.

2009 கல்வி உரிமைச் சட்டம் 21-வது பிரிவைப் படியுங்கள். குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள். பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பது, வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, வருகிற மானியம் எதற்குச் செலவாகிறது என்று பார்ப்பது எல்லாம் சட்டமே நமக்குக் கொடுத்த வேலை. (அரசு உதவி பெறும் தனியார் பள்ளி என்றால் 2012 திருத்தத்துக்குப் பிறகு குழு ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான்.) நம் மாநிலத்தில் குழுத் தலைவரும் பெற்றோரில் ஒருவர்தான், தலைமை ஆசிரியர் இல்லை.

உண்மையான பலம் தீர்மான நோட்டில் இருக்கிறது. எங்கள் பள்ளியில் பெண் பிள்ளைகளின் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை, மோட்டார் எரிந்துபோய்க் கிடந்தது. இந்த வேலூர் வெயிலில் பிள்ளைகள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்துதான் சொம்பு சொம்பாகக் குடித்தார்கள். கூட்டத்தில் ஒரு அம்மா சொன்ன பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது. நோட்டில் முதலில் எழுதியது 'கழிப்பறை வசதியை மேம்படுத்த வேண்டும்' என்று. அப்படி எழுதினால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. எந்த மோட்டார், எந்தப் பணத்தில், யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று திருத்தி எழுதச் சொன்னோம். அடுத்த கூட்டத்துக்கு முன்பே தண்ணீர் வந்துவிட்டது.

அப்புறம், பெண் உறுப்பினர்கள். இங்கே பாதிப் பேர் ஷூ கம்பெனி வேனில் போகிறவர்கள், மீதிப் பேர் வீட்டில் பீடி சுற்றுகிறவர்கள், வெள்ளிக்கிழமை மதியம் கூட்டம் என்றால் அன்றைய கூலி போய்விடும். அதனால் வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறார். அதை மட்டும் அனுமதிக்கவே கூடாது. கழிப்பறைப் பிரச்சினை அவருக்குத் தெரியவே தெரியாது. வர முடியாதவர்கள் வீட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் போய், என்ன பேச வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு கூட்டத்துக்குப் போங்கள்.

வகுப்பறைக்குள் போய் ஆசிரியரை விசாரிப்பது நம் வேலை இல்லை. ஆசிரியர் பணியிடம் காலி, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கிறது, இதையெல்லாம் கூட்டத்தில் கேளுங்கள். தலைமை ஆசிரியரோடு சண்டைக்கும் போக வேண்டாம். வட்டாரக் கல்வி அலுவலகத்தில் அவர் தனியாகப் போய்க் கேட்பதைவிடக் குழுத் தீர்மானத்தோடு போனால் அவருக்கும் பலம்தான்.

ஒருங்கிணைந்த பள்ளி மானியம் 101 முதல் 250 பிள்ளைகள் இருந்தால் ஆண்டுக்கு 50,000 ரூபாய், அதில் 10 சதவீதமாவது சுகாதாரத்துக்கு என்பது மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்‌ஷா விதி. அடுத்த கூட்டத்தில் குழுவின் பேங்க் பாஸ்புக்கையும் செலவு ரசீதுகளையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.