அந்தப் பழைய துசிடிடீஸ் புக்கு: கடிதமும் பதிலும்

அண்ணே வணக்கம்,

பழங்கால கிரேக்க வரலாற்று ஆசிரியர் துசிடிடீஸ் பத்தின பழைய புக்கு ஒண்ணு கடையில கிடைச்சுதுன்னு போன வாரம் எழுதியிருந்தீங்க, கார்ன்ஃபோர்டுங்கிற இங்கிலாந்து அறிஞர் 1907-ல எழுதினது. அதுக்கப்புறம் எவ்வளவோ ஆராய்ச்சி வந்தாச்சே, இதைப் போய் படிக்கிறதுக்கு நேரா துசிடிடீஸையே படிக்கலாமே? அதோட உண்மையை மட்டும் எழுதினவர்னு பேர் வாங்கின மனுஷனை 'புராண வரலாற்றுக்காரர்'னு தலைப்பு போட்டுச் சொல்றது அநியாயமில்லையா?

தம்பி,

துசிடிடீஸைத்தான் முதல்ல படிக்கணும், அதுல சண்டையே இல்ல. புக்கோட முதல் பாதி தேறாது, அதையும் ஒத்துக்கிறேன். கிமு 431-ல ஏதென்ஸும் ஸ்பார்டாவும் மோதினதுக்குக் காரணம் ஏதென்ஸோட பிரேயஸ் துறைமுகத்து வியாபாரிங்க, அவங்களுக்கு மேற்கே சிசிலித் தீவுக்குப் போற ரூட் வேணும், ரெண்டு பக்கமும் கடல் இருக்குற மெகாராங்கிற ஊர் குறுக்க கிடந்துச்சு, இது கூடவே வாழ்ந்த துசிடிடீஸுக்கே பிடிபடலங்கிறார் கார்ன்ஃபோர்டு. ஏதென்ஸ் வளர்றதைப் பார்த்து ஸ்பார்டாவுக்கு வந்த பயம்தான் நிஜக் காரணம்னு துசிடிடீஸ் தெளிவா எழுதி வச்சிருக்காரு, அதைத் தள்ளுற அளவுக்கு ஆதாரம் கார்ன்ஃபோர்டுகிட்ட இல்ல. எனக்கு முன்னாடி இதை வச்சிருந்தவரு பென்சிலால பக்கத்துக்குப் பக்கம் கேள்விக்குறி போட்டு, ஒரு இடத்துல பேப்பர் கிழியுற மாதிரி 'நோ'ன்னு அழுத்தியிருக்காரு. பாதிக்கு மேல பென்சிலையே காணோம். கோவத்துல மூடி வச்சுட்டாரோ என்னமோ, வாயடைச்சுப் போயிட்டாருன்னுதான் நான் நினைச்சுக்கிறேன்.

ஏன்னா ரெண்டாவது பாதி அப்படி. கிமு 416-ல மெலோஸ்னு ஒரு சின்னத் தீவு, நாங்க யார் பக்கமும் இல்லன்னு சொல்லுது, பலம் இருக்கிறவன் முடிஞ்சதைச் செய்வான், இல்லாதவன் பொறுத்துக்கணும்ங்கிற மாதிரி ஏதென்ஸ்காரங்க பேசுறாங்க, அதை மட்டும் நாடகம் மாதிரியே ஆள் மாத்தி ஆள் பேசுற வசனமா எழுதியிருக்காரு துசிடிடீஸ். அப்புறம் ஊரைப் பிடிச்சு ஆம்பளைங்களைக் கொன்னு, பொம்பளை புள்ளைங்களை அடிமையா வித்துடறாங்க. அடுத்த வரியே, அதே குளிர்காலத்துல ஏதென்ஸ் சிசிலி மேல படையெடுக்க ஆசைப்பட்டுச்சுன்னு ஆரம்பிக்குது. நடுவுல ஒரு கமெண்ட் கிடையாது! கிமு 413-ல அந்தப் படை தோத்து, சிசிலியில இருக்குற சிரகூஸ் நகரத்துல ஏழாயிரம் பேருக்குக் குறையாம கல்குவாரியில அடைபட்டு, ஆளுக்கு ஒரு நாளைக்குக் கால் லிட்டர் தண்ணி, அரை லிட்டர் தானியம்னு கிடந்து சாகுறாங்க.

இது ஏதென்ஸ் நாடக ஆசிரியர் ஈஸ்கிலஸோட துன்பியல் நாடக அச்சுங்கிறார் கார்ன்ஃபோர்டு. திமிரு, ஆசை கண்ணை மறைக்கிறது, விழறது. துசிடிடீஸ் பொய் சொன்னாருன்னு சொல்லவே இல்ல தம்பி, நடந்ததைத்தான் எழுதினாரு, ஆனா எதுக்குப் பக்கத்துல எதை வைக்கிறதுங்கிறதை அவர் வளர்ந்த ஊரோட நாடகம் அவருக்கே தெரியாம முடிவு பண்ணிடுச்சுங்கிறார். 'தெரியாம'ங்கிறதை மட்டும் நான் நம்பல. இருபது வருஷம் நாடு கடத்தப்பட்டு உட்கார்ந்து எழுதின ஆளு, தெரிஞ்சேதான் வச்சிருப்பாரு.

கார்ன்ஃபோர்டு புக்கு இன்டர்நெட் ஆர்கைவ்ல ஸ்கேனா ஃப்ரீயாவே கிடைக்குது. துசிடிடீஸ் வரலாற்றுல அஞ்சாவது பாகம் கடைசியையும் ஆறாவது பாகம் முதல் பக்கத்தையும் படிச்சிட்டு, இதுல நேரா மெலோஸ் சாப்டருக்குப் போ. பிரேயஸ் வியாபாரிங்களை அப்புறம் பார்த்துக்கலாம்.